தம்பெரேயின் வியாழக்கிழமைச் சூப்புகள்

ஆறு வருடம் ஒரே கடையில், அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து பட்டாணி சூப் குடித்த பெண்ணிடம் பெயர் கேட்காமல் விட்ட ஆளை என்னவென்று சொல்வது? எங்கள் ஊரில் அவனை மரியாதை தெரிந்தவன் என்று சொல்வார்கள். இல்போ ரன்தாலா அப்படி ஊறிப்போன மரியாதைக்காரன். தம்பெரே நகராட்சியின் தண்ணீர்த் துறையில் மீட்டர் மாற்றும் வேலை. வயது ஐம்பத்து மூன்று. விவாகரத்தாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். இதற்காக அவனை மட்டும் குறை சொல்லக் கூடாது, இந்த நாட்டில் பாதிப்பேர் அப்படித்தான்.

வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப். பள்ளிக்கூடத்திலும் அதுதான், பட்டாளத்திலும் அதுதான், ஆஸ்பத்திரியில் காலொடிந்து கிடந்தாலும் அதுதான். தொட்டுக்கொள்ளக் கடுகு விழுது, தூவிக்கொள்ளப் பச்சை வெங்காயம், கடைசியில் ஸ்ட்ராபெரி ஜாம் போட்ட அப்பம். ஏன் வியாழக்கிழமை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கேட்காமல் குடிப்பதே நல்லது.

இல்போ குடித்தது தம்மேலா பக்கம் ஹில்க்கா நடத்திய ‘ஹில்க்காவின் கரண்டி’ என்ற மத்தியானக் கடையில். வியாழன்தோறும் பதினொன்றரைக்குச் சுவரோரத்து மேசையில் போய் உட்காருவான். ஜன்னலோரத்து மேசையில் அவள் இருப்பாள். பச்சைக் கம்பளித் தொப்பி, ஐம்பதை ஒட்டிய வயது, கையில் பேனாவும் செய்தித்தாளின் குறுக்கெழுத்துப் புதிரும். கட்டம் நிரம்பினால் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். ஒரே ஒரு கரண்டி சூப்தான் ஊற்றிக்கொள்வாள். ஆசைப்படாத பெண் என்று இல்போவுக்கு அதிலும் ஒரு மதிப்பு.

ஆறு வருடத்தில் அவர்கள் பேசியதை ஒரு காகிதத்தின் பாதியில் எழுதிவிடலாம். வரும்போது ஒரு “ஹெய்”, போகும்போது இரண்டு “ஹெய்”. எப்போதாவது “கடுகு அங்க இருக்கா?” ஒரு பிப்ரவரியில் அவள் தானாகவே, “இன்னைக்கு ரோடெல்லாம் வழுக்குது” என்றாள். “ஆமா, வழுக்குது” என்றான் இல்போ. அந்த வாரம் முழுக்க அவன் விசிலடித்துக்கொண்டு வேலை செய்ததை அவனுடைய கூட்டாளி ஹென்னா கவனித்தாள், காரணம் அவளுக்குத் தெரியாது.

அப்புறம்தான் குழாய் வேலை வந்தது. ஐம்பது வருடக் கட்டடம் என்றால் ஒருநாள் எல்லாக் குழாயையும் பிடுங்கித்தான் ஆக வேண்டும். ஹில்க்காவின் கடை ஜனவரியிலிருந்து எட்டு மாதம் மூடியிருக்கும் என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். கடைசி வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். இருவருக்கும் அது கடைசி என்று தெரியும். அவள் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக, என்றுமில்லாத நிதானத்தோடு போட்டுக்கொண்டாள். இல்போ காலிக் கிண்ணத்துக்குள் எதையோ தேடினான். “ஹெய் ஹெய்” என்றாள். “ஹெய் ஹெய்” என்றான். அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை அந்தக் கட்டடத்துக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடியதும் அவனே, தன் கையாலேயே.

அடுத்த வியாழன் மத்தியானம், வேலை வண்டிக்குள் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றபோதுதான் அவனுக்கு உறைத்தது. அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அது வெறும் ஆசையாக இல்லை. பாதிச் சாண்ட்விச்சை அப்படியே டப்பாவில் போட்டு மூடினான்.

ஹென்னாவுக்கு வயது முப்பத்தைந்து, அவளுடைய நாக்குக்கு அதைவிடக் கூடுதல். வண்டி ஓட்டுவது அவள்தான்.

“என்னய்யா, சூப்பு இல்லைன்னா ஒரு மனுஷன் மூஞ்சி இப்பிடித் தொங்குமா?” என்று கேட்டாள்.

“சூப்பு இல்ல.”

“பின்ன?”

இரண்டு சிக்னல் தாண்டும்வரை இல்போ அந்த டப்பாவைத் திறந்து திறந்து மூடினான். அப்புறம், “அங்க ஒருத்தங்க வருவாங்க” என்றான்.

ஹென்னா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். “ஒருத்தங்களா. பேரென்ன?”

“தெரியாது.”

“எங்க வேலை பாக்குறாங்க?”

“தெரியாது.”

“சரி, பழக்கமாகி எத்தனை நாளாச்சு?”

“ஆறு வருஷம்.”

ஹென்னா ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஹாரன் அடித்தது. “ஆறு வருஷத்துல நான் ஒருத்தனைப் பாத்து, கட்டி, சண்டை போட்டு, அவனை அனுப்பிட்டு, இன்னொருத்தனையும் பாத்தாச்சு. நீ என்னடான்னா இன்னும் கடுகு கேட்டுக்கிட்டிருக்க.”

ஹில்க்காவுக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். அவள் கடை மூடிய கையோடு ஸ்பெயினில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வெயில் காயப் போயிருந்தாள். “பச்சைத் தொப்பியா? தங்கமான பொண்ணு. பேரா? அதெல்லாம் கேட்டா அப்புறம் கடைப்பக்கம் வருவாளா?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கடைசியில் ஹென்னாதான் வழி சொன்னாள். பட்டாணி சூப் குடித்துப் பழகிய வாய் வியாழக்கிழமை சும்மா இருக்காது. அவள் வேறெங்காவது போய்க் குடித்தே தீருவாள். ஆகவே ஊரில் பட்டாணி சூப் போடும் கடைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டியது. இதில் ஒரே ஒரு சங்கடம். வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமைதான் வரும், மத்தியானச் சாப்பாடு பத்தரையிலிருந்து ஒரு மணிக்குள் முடிந்துவிடும். எவ்வளவு ஓடினாலும் இரண்டு கடை, மிஞ்சினால் மூன்று. ஹென்னா மீட்டர் மாற்றும் அட்டவணையை எடுத்து, எந்த வட்டாரத்தில் சூப்புக் கடை இருக்கிறதோ அந்த வட்டாரத்து வேலையை வியாழனுக்குத் தள்ளினாள். வரி கட்டுகிறவர்கள் மன்னிப்பார்களாக.

இப்படித்தான் தேடல் தொடங்கியது. இல்போ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். ஆனால் கடைக்குள் போய்ச் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வர அவனுக்குக் கூச்சம். ஒரு கிண்ணம் வாங்கி உட்கார்ந்தால்தான் உண்டு. எங்கே போனோம் என்பது மறந்துவிடாமல் இருக்க மீட்டர்ப் படிவத்தின் பின்பக்கத்தில் குறித்து வைத்தான். நெக்கலாவில் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் சூப்பு அவ்வளவு கெட்டி, கரண்டி குத்திட்டு நிற்கும், புகையில் வாட்டிய பன்றிக்கறியைத் தாராளமாகப் போடுகிறார்கள், மைனஸ் இருபதில் வேலை செய்துவிட்டு வருகிறவன் இங்கே வந்தால் பிழைத்துக்கொள்வான். நூலகத்துச் சூப்பில் கறியே கிடையாது, உப்பும் யோசித்து யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள், ஆனால் ரொட்டி அருமை. பல்கலைக்கழகத்தில் ஜாமை அளந்து வைக்கிறார்கள், படிக்கிற பிள்ளைகளை இப்படியா சந்தேகப்படுவது. காலெவா தேவாலயத்தின் சாப்பாட்டு அறையில் வெங்காயத்தை நறுக்குகிறவருக்கு மெடல் கொடுக்கலாம், ஜலதோஷம் பிடித்தவர்கள் நேராக அங்கே போகவும். நீச்சல் குளத்துக் காப்பிக் கடையில் அப்பம் ரப்பர். ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் “இல்லை” என்று ஒரு சொல் இருக்கும். அது சூப்பைப் பற்றி எழுதியது இல்லை.

முதலில் யாரிடமும் கேட்கவில்லை. நாலாவது வாரத்தில்தான் வாய் திறந்தது. காலெவா தேவாலயத்தில் கரண்டி பிடித்த அம்மாவிடம், “பச்சைத் தொப்பி போட்டு, குறுக்கெழுத்துப் போடுற ஒருத்தங்க இங்க வருவாங்களா?” என்று கேட்டான்.

“உங்களுக்கு அவங்க என்ன உறவு?”

இல்போ கொஞ்சம் யோசித்தான். “பக்கத்து மேசை.”

அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வரவில்லை என்றாள். கேட்காமலே இன்னொரு அப்பம் வைத்தாள்.

பிப்ரவரியில் நோன்புக்கு முந்தின செவ்வாய் வந்தது. அன்றைக்கும் ஊரெங்கும் பட்டாணி சூப்தான், வருடத்தில் இப்படி ஒரு செவ்வாய் மட்டும் உண்டு. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது இல்போவுக்கு. விடுமுறை போட்டுவிட்டு நாலு கடையில் நாலு கிண்ணம் குடித்தான். அவள் எங்கும் இல்லை. மறுநாள் ஹென்னா மைனஸ் பதினெட்டில் வண்டிக் கண்ணாடி இரண்டையும் இறக்கிவிட்டு ஓட்டினாள்.

“காதல்னா ஊருல பூ வாங்குவான், மோதிரம் வாங்குவான். நான்தான்யா உன் காதலுக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு வண்டி ஓட்டுறேன்.”

“காதல்னு யாரு சொன்னா?”

“உன் வயிறு சொல்லுது.”

இதற்கிடையில் அந்தக் குறிப்புகள் தனியாக ஒரு வாழ்க்கை வாழத் தொடங்கின. ஹென்னா அவற்றை டைப் அடித்து அலுவலக அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தாள். “இல்லை”களை மட்டும் எடுத்துவிட்டாள். குழாய்க்காரர்கள் படித்தார்கள், கணக்குப் பிரிவில் படித்தார்கள். மேலதிகாரி அவனை நடைபாதையில் நிறுத்தி, “இல்போ, மாமியார் வர்றாங்க, ஹதன்பா பக்கம் எது தேவலாம்?” என்று ரகசியமாகக் கேட்டார். இருபத்தெட்டு வருடமாக அவனோடு வேலை செய்து, அவன் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாதவர்கள் இப்போது அவன் மேசைக்கு வந்தார்கள். அவனும் பதில் சொன்னான், சில சமயம் கேட்டதற்கு மேலேயே சொன்னான். தனக்கு இவ்வளவு அபிப்பிராயம் இருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் முதல் வாரம் ஹென்னா அதை ஊர்க்காரர்களின் இணையக் குழுவில் போட்டாள். ‘தம்பெரேயின் வியாழக்கிழமைச் சூப்புகள்: எல்லாவற்றையும் குடித்துப் பார்த்தவர் எழுதியது’ என்று தலைப்பு. கடைசி வரியை இல்போ சொல்லி எழுத வைத்திருந்தான்: “இவை அனைத்தும் ஹில்க்காவின் கரண்டி, சுவரோரத்து மேசை, அதோடு ஒப்பிட்டு எழுதப்பட்டவை.” இருநூறுக்கு மேல் பின்னூட்டம் வந்தது. ஜனங்கள் கடுகை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று அடித்துக்கொண்டார்கள். அதற்கு நடுவே மெர்வி கோ. என்ற ஒருத்தி, முகத்துக்குப் பதிலாக ஒரு பனிப்பொம்மைப் படத்தை வைத்துக்கொண்டு இப்படி எழுதியிருந்தாள்:

“பட்டாணி சூப் மட்டும்தான் சூப்பா? என் வாய்க்கு அது பச்சைச் சுவர்ப்பூச்சு. எழுதியவர் மார்க்கெட் ஹாலில் கோடிக் கடை மாதே மீன் சூப்பை ஒரு புதன்கிழமை குடித்துப் பார்க்கலாம். மார்ச் முடியும்வரைதான் போடுவார்கள். பதினொன்றரைக்கு இடம் இருக்கும்.”

இல்போவுக்கு வந்ததே கோபம். இரண்டு மாதமாக ஊரெல்லாம் அலைந்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு எழுதினால், சுவர்ப்பூச்சாம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பின்னூட்டம் எழுதினான்: “பிடிக்காதவர்கள் பேசாமல் இருக்கலாம்.” பனிப்பொம்மை அதற்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டது. ஜெயித்துவிட்டோம் என்று அவன் நினைத்துக்கொண்டான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவனுக்கு எப்போதும் ஜெயித்த மாதிரிதான் இருக்கும்.

மார்ச் கடைசியில் பட்டியலில் கடைகள் தீர்ந்துபோயின. ஒரு புதன்கிழமை காலை, ஹெர்வந்தாவில் அறுபது வீட்டுக் கட்டடம் ஒன்றின் நிலவறையில், பழைய மீட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது இல்போ சொன்னான்:

“விட்டுருவோம். ஹெல்சிங்கிக்குக் குடிபோயிருப்பாங்க.”

“ஹெல்சிங்கிக்கா? அவ்வளவு மோசமா அவங்களை நினைக்காத.”

“பின்ன எங்க போனாங்க? நாளைக்குப் போக ஒரு கடையும் பாக்கி இல்ல, ஹென்னா.” இல்போ ரென்ச்சை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

ஹென்னாவுக்கு அதற்கு மேல் கிண்டல் வரவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, போனை எடுத்து, விட்டுப்போன கடை எதையாவது யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பின்னூட்டங்களை முதலிலிருந்து படித்தாள். பாதியில் நிறுத்தினாள். அதையே மறுபடி படித்தாள்.

“யோவ் இல்போ. இந்தப் பனிப்பொம்மை எழுதினதைப் படிச்சியா?”

“படிச்சேன். சுவர்ப்பூச்சு.”

“சுவர்ப்பூச்சை விடுய்யா. கீழே படி. ‘புதன்கிழமை.’ ‘பதினொன்றரைக்கு இடம் இருக்கும்.’ முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு, கிழமையும் சொல்லி, மணியும் சொல்லி, இடம் இருக்குன்னு எந்தப் பொம்பளை எழுதுவா? நீ பதினொன்றரைக்குச் சாப்பிடுவேன்னு எங்கேயாவது எழுதினியா?”

“எழுதல.”

“சுவரோரத்து மேசைன்னு எழுதினல்ல? அதைப் பாத்து அது நீதான்னு யாருக்குத் தெரியும்?”

இல்போ மீட்டரைக் கையில் பிடித்தபடி நின்றான். அதிலிருந்து தண்ணீர் அவன் பூட்ஸ் மேல் சொட்டியது.

“அவங்களுக்குப் பட்டாணி சூப்பு பிடிக்கும். ஆறு வருஷம் குடிச்சாங்க” என்றான்.

“எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா நம்ம ஊருல ஒருத்தி இவ்வளவு எழுதினா அது லவ் லெட்டர்யா. அதுக்கு மேல எழுதினா போலீஸ் வரும். அதுக்கு நீ என்ன பதில் போட்ட? பேசாம இருன்னு போட்ட.” போனில் தேதியைப் பார்த்தாள். “மார்ச் முடியுது. இன்னைக்குத்தான் கடைசிப் புதன். இதை விட்டா அந்த மீன் அடுத்த ஜனவரிக்குத்தான். அதுக்குள்ள நீ செத்தே போயிருவ. போ.”

“அறுபது வீட்டுக்குத் தண்ணி நிக்குது.”

“அறுபது வீட்டுக்கும் நான் தண்ணி விடுறேன். நீ போய்யா.”

மணி பதினொன்று இருபத்தைந்து. இல்போ ஓடினான். அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை, டிராம் ஓட்டுநரே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்றால் பாருங்கள். ஊருக்குள் போக இருபது நிமிடத்துக்கு மேல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜனங்கள் பொறுமையாக ஏறினார்கள், பொறுமையாக இறங்கினார்கள். எங்கள் ஜனங்களின் இந்தப் பொறுமையை இல்போ அன்றைக்குத்தான் முதல்முறையாக வெறுத்தான்.

மார்க்கெட் ஹாலுக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம். மீன், காப்பி, புதிதாகச் சுட்ட ரொட்டி எல்லாம் சேர்ந்து மணத்தது. கோடிக் கடையில் ஆறேழு சின்ன மேசைகள். சுவரோரத்தில் பச்சைக் கம்பளித் தொப்பி மேசை மேல் கிடந்தது. பக்கத்தில் செய்தித்தாள். அதன் மேல் குனிந்து அவள்.

இப்போது இவன் என்ன செய்திருக்க வேண்டும்? நேராகப் போய் நின்று நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டும். செய்தானா? வரிசையில் நின்றான். ஒரு மாதே சூப் வாங்கினான். சதகுப்பைக் கீரை மிதக்க, பாலும் வெண்ணெயும் உருளைக்கிழங்குமாக ஆவி பறந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வந்து, அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தான்.

“ஹெய்” என்றான்.

அவள் நிமிர்ந்தாள். முகம் மெல்லச் சிவந்தது. “ஹெய்.”

அவன் ஒரு கரண்டி குடித்தான். வெள்ளைச் சதையாக மீன் நாக்கில் கரைந்தது, தொண்டை வழியாகச் சூடு நெஞ்சுவரை இறங்கியது. எண்பது நாளில் இவ்வளவு நல்ல சூப்பை அவன் குடிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள அவனுக்கு வலித்தது.

“நல்லா இருக்கு” என்றான்.

“சொன்னேனே.”

“சுவர்ப்பூச்சுன்னு எழுதினது நீங்களா?”

“நானேதான். பேசாம இருக்கச் சொன்னது நீங்களா?”

“நான்தான்.” இல்போ கிண்ணத்தைப் பார்த்தான். “மன்னிச்சுக்கோங்க.”

“பரவால்ல. மூணு புதன்கிழமை இங்க உக்காந்து பாத்தேன். இன்னைக்கு வரலைன்னா போதும்னு இருந்தேன்.”

கடைக்காரன் பாத்திரத்தின் அடியைச் சுரண்டினான். மேலே ஒலிபெருக்கியில் யாரோ பனிப்புயல் வராது என்று சொன்னார்கள். இல்போவுக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை, அதைக் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

“ஆறு வருஷம் பட்டாணி சூப்பு குடிச்சீங்களே.”

“குடிச்சேன். ஒவ்வொரு வாரமும் ஒரு கரண்டி. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு.”

“பிடிக்காமயா?”

“கொஞ்சம்கூடப் பிடிக்காது.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

அவள் பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள். “நீங்க வியாழக்கிழமைதானே வர்றீங்க” என்றாள்.

இல்போவுக்குக் காதுக்குள் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. சந்தோஷம் அவ்வளவு பலமாக வரும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. பிடிக்காத சூப்பை, முந்நூறு வியாழக்கிழமைக்குக் கிட்டத்தட்ட, ஒருத்தி தனக்காகக் குடித்திருக்கிறாள். இவனோ சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். அவனுக்கு எழுந்து அந்த ஹாலைச் சுற்றி ஓட வேண்டும் போலிருந்தது, ஆனால் இன்றைக்கு ஏற்கெனவே ஒருமுறை ஓடியாகிவிட்டது.

கிண்ணத்தையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு எழுந்தான். நடுவே இருந்தது ஒரு மீட்டர் தூரம். அதைக் கடந்து அவள் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியின் முதுகில் கையை வைத்தான்.

“இங்க யாராவது உக்காந்திருக்காங்களா?” என்று கேட்டான்.

“இல்ல” என்றாள் மெர்வி. செய்தித்தாளை மடித்து இடம் பண்ணினாள். “ஆறு வருஷமாக் காலியாத்தான் கெடக்கு.”

இல்போ உட்கார்ந்தான்.